விடைக்கு முன்னே ஒரு பார்வை



குழந்தைகள் கண்ணால் பார்த்துத் தீர்க்கிற புதிர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்குவது, வெறுமையாக விட்ட கட்டத்தில் எந்த உருவம் வரும் என்று கண்டுபிடிப்பது, சுற்றுவழிப் புதிரில் நுழைந்து வெளியே வருவது, புள்ளிகளைச் சுற்றிப் புறப்பட்ட கோட்டைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து சேர்ப்பது, இவையெல்லாம் அந்த வகை. ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே தெரு. ஆனாலும் இந்த வேலையில் இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏன்? அந்த வேற்றுமை எங்கிருந்து வருகிறது? அதை நாம் சரியாகப் புரிந்துகொள்கிறோமா? இதுதான் என் பொருள்.

ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடக்கப் பள்ளியில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேருக்கு ஆளுக்கொரு படத்துண்டுப் புதிர் கொடுத்தேன். அட்டையில் ஒட்டி வெட்டிய யானைப் படம். 24 துண்டுகள். மூவருக்கும் ஒரே படம்.

முதல் பையன் கொட்டிய கையோடு இரண்டு துண்டை எடுத்துச் சேர்த்துப் பார்த்தான். பொருந்தவில்லை. வேறொன்று எடுத்தான். பொருந்தவில்லை. இன்னொன்று. பொருந்தியது! முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து இருந்தது ஒரு பெண் குழந்தை. எல்லாத் துண்டையும் படம் மேலே தெரியும்படி திருப்பிப் போட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது பையன் செய்தது எனக்கு இன்றும் வியப்பு. அவன் எல்லாத் துண்டையும் கவிழ்த்துப் போட்டான்! படமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பழுப்பு அட்டையின் வெட்டு வளைவை விரலால் தடவித் தடவிச் சேர்த்தான்.

என் பக்கத்தில் நின்ற ஆசிரியை மெல்லச் சொன்னார்: "முதல் பையன் ரொம்பச் சூட்டிகை சார். அந்தப் பொண்ணு கொஞ்சம் மந்தம்." அப்போது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பெண் ஒரு துண்டைக்கூடச் சேர்த்திருக்கவில்லை.

பத்தாவது நிமிடத்தில் என்ன ஆயிற்று? முதல் பையன் பாதியில் நின்றான். பொருந்தாத இரண்டு துண்டுகளைக் கைமுட்டியால் குத்தி உட்கார வைத்திருந்தான். அதனால் அடுத்த துண்டுக்கு இடமில்லை. அந்தப் பெண் குழந்தையோ தும்பிக்கை, காது, தந்தம் என்று எடுத்து எடுத்து வைத்தாள். ஒவ்வொரு துண்டும் தன் வீட்டுக்குப் போவது போலப் போய் உட்கார்ந்தது. அவள்தான் முதலில் முடித்தாள். கவிழ்த்துப் போட்டவனும் பின்னாலேயே முடித்துவிட்டான். மேலே ஓர் அட்டையை வைத்து நான் புரட்டிக் கொடுத்தபோதுதான் தன் யானையின் முகத்தைப் பார்த்தான்.

அப்படியானால் நிதானம்தான் நல்லது, அவசரம் கெட்டது என்று சொல்ல வருகிறேனா? இல்லை. வேறொரு நாள் அதே மூவருக்கும் சுற்றுவழிப் புதிர் கொடுத்தேன். முட்டிக்கொண்டு, திரும்பி, மறுபடி முட்டிக்கொண்டு, சலிக்காமல் வழி தேடிய அந்த முதல் பையன்தான் முதலில் வெளியே வந்தான். சூட்டிகை யார்? மந்தம் யார்? ஒரு நாள் பார்த்ததை வைத்து எந்தப் பெயரை எந்தப் பிள்ளை மேல் ஒட்டுவது?

இந்தக் கேள்வி நம் ஊர் ஆசிரியைக்கு மட்டும் வந்த கேள்வியா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பாரிஸில் 1905இல் ஆல்ஃபிரட் பினேயும் தெயோடோர் சிமோனும் முதல் அறிவுச் சோதனையை வகுத்தார்கள். படிப்பில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதுதான் அதன் நோக்கம். அறிவு என்பது பிறவியில் அளந்து கொடுத்த கொள்ளளவு, அதைக் கூட்டவே முடியாது என்று பேசியவர்களை பினே கடுமையாக எதிர்த்தார். ஆனால் அவர் செய்த அளவுகோலை எடுத்துக்கொண்டவர்கள் பலர், அவர் கொடுத்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான்.

பிறகு இங்கிலாந்தில் ஜான் ரேவன், 1938இல், சொல்லே இல்லாத ஒரு சோதனையை வெளியிட்டார். மொத்தம் 60 புதிர்கள். அவற்றில் கடினமானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம், கட்டத்துக்கு ஓர் உருவம். கடைசிக் கட்டம் வெறுமை. கீழே எட்டு உருவங்கள் இருக்கும். எது அங்கே பொருந்தும்? படிக்கத் தெரிய வேண்டாம், எழுதத் தெரிய வேண்டாம், விரலால் தொட்டுக் காட்டினால் போதும். இன்றும் உலகெங்கும் பிள்ளைகள் முன் வைக்கப்படுகிற சோதனை இது.

பெரியோர்களே, இந்தச் சோதனையைச் செய்கிறவர்களின் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்பதைக் ஆய்வாளர்கள் கருவி கொண்டு பதிந்து பார்த்தார்கள். அப்போது தெரிந்தது பெரிய சேதி. சிலர் மேலே உள்ள கட்டங்களிலேயே நெடுநேரம் நிற்கிறார்கள். வரிசை வரிசையாகப் போகிறார்கள். விடுபட்ட உருவம் இப்படித்தான் இருக்கும் என்று மனத்துக்குள்ளேயே செய்து முடித்துவிட்டு, அதன் பிறகே கீழே இறங்கி அதைத் தேடுகிறார்கள். வேறு சிலர் எடுத்த எடுப்பில் கீழே போகிறார்கள். "இதுவாக இருக்குமோ? சரிவரவில்லை. அதுவாக இருக்குமோ?" என்று ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய் வைத்துப் பார்த்துக் கழிக்கிறார்கள். புதிர் எளிதாக இருந்தால் இரண்டு வழியும் ஊர் போய்ச் சேரும். புதிர் கடினமாக ஆக, விடையை முதலில் மனத்தில் கட்டுகிறவர்களுக்கே வெற்றி கூடுகிறது. அது மட்டுமா? ஒரே ஆள் எளிய புதிரில் ஒரு வழியும் கடினமான புதிரில் வேறு வழியும் போவதுண்டு.

இதையெல்லாம் மதிப்பெண் சொல்லுமா? சொல்லாது. 60க்கு 31 என்று எழுதிய தாளில் பிள்ளையின் கண் போன பாதை எங்கே இருக்கிறது?

இன்னொரு வேற்றுமை, மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன். கடைக்குப் போகிற பிள்ளையிடம் உப்பு, புளி, மிளகாய், கடுகு, தேங்காய் என்று ஐந்து சாமான் சொல்லி அனுப்புகிறோம். தேங்காயைக் கேட்டு வாங்கும்போது புளி மறந்துபோகிறது. படப்புதிரிலும் அதுவே நடக்கிறது. வட்டம் வரிசைக்கு வரிசை பெரிதாகிறது. இது ஒரு விதி. உள்ளே உள்ள கோடு திரும்பிக்கொண்டே போகிறது. இது இரண்டாவது விதி. இரண்டாவதைக் கண்டுபிடிக்கிற நேரத்தில் முதல் விதி நழுவிவிட்டால் விடை தவறிவிடும். 1990இல் கார்ப்பென்டர், ஜஸ்ட், ஷெல் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதை விரிவாகக் காட்டினார்கள். புதிரைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரிப்பதிலும், கண்டுபிடித்ததை மனத்தில் நிறுத்திக்கொண்டே அடுத்ததைத் தேடுவதிலும்தான் வல்லவருக்கும் மற்றவருக்கும் இடைவெளி. இப்படி நழுவவிடுகிற பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, "கண்டதை ஓரமாக வரைந்து வைத்துக்கொள், கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். நழுவியது நிற்கும்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் என் மனத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கிற செய்தி. சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாடு. அங்கே சிறுவர்கள் கிடைத்த கம்பியை எடுத்து வளைத்துக் கார் செய்வார்கள். சக்கரம் உருளும், தெருவில் ஓட்டிக்கொண்டு போகலாம். அப்படி ஓர் அருமையான விளையாட்டு. இங்கிலாந்துப் பிள்ளைகளின் கையில் இருப்பது தாளும் பென்சிலும். ராபர்ட் செர்ப்பெல் என்ற உளவியலாளர் இரு நாட்டுப் பிள்ளைகளிடமும் ஒரே வேலையைக் கொடுத்தார். ஓர் உருவத்தைப் பார்த்து அதைப்போலவே செய்ய வேண்டும். தாளும் பென்சிலும் கொடுத்துச் செய்யச் சொன்னபோது இங்கிலாந்துப் பிள்ளைகள் முந்தினார்கள். கம்பியைக் கொடுத்தபோது ஜாம்பியாப் பிள்ளைகள் முந்தினார்கள். களிமண்ணைக் கொடுத்தபோது இரு தரப்பும் சமம்! அந்த ஆய்வு 1979இல் வெளிவந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த ஆய்வாளர் பென்சிலோடு நிறுத்தியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஜாம்பியாப் பிள்ளைகளுக்கு உருவத்தைப் பார்த்து உணரும் திறன் குறைவு என்று எழுதியிருப்பார். கம்பியோடு நிறுத்தியிருந்தால்? அப்படியே தலைகீழாக எழுதியிருப்பார். பிள்ளை மாறவில்லை, கண் மாறவில்லை, கையில் கொடுத்த பொருள் மாறியது. நம் வகுப்பறையில் நாம் எதைக் கொடுக்கிறோம்? ஆண்டு முழுவதும் தாள், தாள், தாள். அந்தத் தாளை வைத்தே, "இவனுக்கு வடிவம் வராது" என்று முடிவு கட்டுகிறோம்.

ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். மேற்குப் பாலைவனப் பகுதியின் பழங்குடிப் பிள்ளைகள். பள்ளித் தேர்வுகளில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். ஜூடித் கெர்ன்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் முன் கட்டம் போட்ட தட்டில் பொருள்களைப் பரப்பி வைத்தார். அரை நிமிடம் பார்க்கலாம். பிறகு எல்லாவற்றையும் குவித்துவிடுவார். எது எங்கே இருந்ததோ அங்கேயே திருப்பி வைக்க வேண்டும். 1981இல் வெளிவந்த அந்த ஆய்வில் பாலைவனப் பிள்ளைகள் வெள்ளையினப் பிள்ளைகளைவிடத் தெளிவாக மேம்பட்டு நின்றார்கள். பரப்பியவை எல்லாமே கற்களாக இருந்தபோதும் அப்படியே. வெள்ளையினப் பிள்ளைகள் உதட்டை அசைத்துப் பெயர் சொல்லி மனப்பாடம் செய்ய முயன்றார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் என்ன பெயர் வைப்பது? பாலைவனப் பிள்ளைகள் அசையாமல் அமர்ந்து பார்த்தார்கள். நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். சாலையில்லா மணல்வெளியில் பரம்பரை பரம்பரையாக இடம் பார்த்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் அல்லவா!

அன்பர்களே, இப்போது உங்களுக்கே ஒரு கணக்கு. 15 மீட்டர் நீள வரப்பு. ஒருவர் அதன் இரு முனையிலும் ஒவ்வொரு பனங்கொட்டை ஊன்றுகிறார். இடையிலும் 5 மீட்டருக்கு ஒன்று ஊன்றிக்கொண்டே போகிறார். மொத்தம் எத்தனை பனங்கொட்டை? மூன்று என்று நினைத்தவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, எத்தனை கைகள்! விடை நான்கு. ஒரு கோடு கிழித்து, முனையில் ஒரு புள்ளி, ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று வைத்துப் பாருங்கள்.

இதே வகையான கணக்குகளை மேரி ஹெகார்ட்டி, மரியா கொசெவ்னிகோவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தார்கள். 1999இல் வந்த ஆய்வு. மனத்தில் படம் பார்த்துக் கணக்குப் போடுகிற பிள்ளைகளிலேயே இரண்டு வகை இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஒரு பிள்ளைக்குள் தெரிவது ஒரு சித்திரம். மரத்தின் இலை தெரிகிறது, குழி தோண்டுகிறவரின் முகம் தெரிகிறது. இன்னொரு பிள்ளைக்குள் தெரிவது கோடும் புள்ளியும். அழகு இல்லை, நிறம் இல்லை. எது எதற்கு எவ்வளவு தூரம் என்பது மட்டும் இருக்கிறது. இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகள் கணக்கில் வென்றார்கள். சித்திரமாகவே பார்த்தவர்கள் இடறினார்கள்.

ஆகவே, "மனக்கண்ணில் படம் போட்டுப் பாரு" என்று நாம் பொதுவாகச் சொல்வது போதாது. எந்தப் படம்? சித்திரமா, குறிப்புப் படமா? சித்திரமாகவே பார்க்கிற பிள்ளை கதை எழுதுவதில், ஓவியத்தில் கொடி கட்டிப் பறக்கலாம். அந்தச் செல்வத்தை அழிக்க வேண்டியதில்லை. கணக்கு வரும்போது இலையை உதிர்த்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தால் போதும்.

கோடும் புள்ளியும் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நம் வாசல்! 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. இதைக் கேட்ட மாத்திரத்தில் எத்தனை தாய்மார்களின் முகம் மலர்கிறது என்று இங்கிருந்தே பார்க்கிறேன். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது; ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துப் போக வேண்டும்; புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். இது விளையாட்டா? தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1974இல் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் விளக்கி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அறிவியல் உலகம் அமர்ந்து படிக்கிற அளவுக்கு அதற்குள் ஒழுங்கு இருக்கிறது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். சமச்சீர் பற்றிய பாடத் தேர்வில் பத்துக்கு இரண்டு. மார்கழி மாதம் ஒரு விடியற்காலை அவள் தெருவழியாகப் போனேன். வாசல் நிறையச் சிக்குக் கோலம். ஓரிடத்தில் கோடு தவறிவிட்டது. நின்றாள். எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் உள்ளே வளையுது, அப்போ இங்கயும் உள்ளேதான் வளையணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தவறிய கோட்டைக் காலால் தேய்த்துவிட்டுத் திருத்தினாள். பத்துக்கு இரண்டு வாங்கியவள் சொன்ன சொல் அது! சமச்சீரைக் கையில் வைத்துக்கொண்டே சமச்சீரில் தோற்றிருக்கிறாள். பாடநூலின் படத்துக்கும் அவள் வாசலுக்கும் நடுவே யாரும் பாலம் போடவில்லை. மறுவாரம் அவளுடைய ஆசிரியர் தரையில் புள்ளி வைக்கச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினார். எட்டு மதிப்பெண் வாங்கினாள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுடைய பெற்றோர் இந்த அரங்கில் இருக்கிறார்கள் என்று தெரியும். கனடாவில் மிஷேல் டாசன், லோரான் மோத்ரோன் முதலியோர் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டாசனே ஆட்டிசம் உடையவர். ஒரே பிள்ளைக்கு இரண்டு சோதனைகள். ஒன்று பேச்சும் கேள்வியுமாக நடக்கிற பகுதிகள் நிறைந்த வெக்ஸ்லர் சோதனை. மற்றொன்று நான் முன்பு சொன்ன ரேவன் படப்புதிர். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வெக்ஸ்லரில் நின்ற இடத்தைவிட ரேவனில் சராசரியாக 30 இடம் முன்னால் வந்து நின்றார்கள். அதே பிள்ளை, அதே மூளை. எந்தக் கதவைத் தட்டினோம் என்பதில்தான் வேறுபாடு. பேச்சு வரவில்லை என்பதால் யோசனையும் இல்லை என்று ஒரு குழந்தையை ஒதுக்கிவைப்பது எத்தனை பெரிய கொடுமை!

சரி, கண்ணால் புதிர் தீர்க்கும் இந்தத் திறன் பிறவியிலேயே முடிவாகிவிடுகிற விஷயமா? பிறவிக்குப் பங்கு உண்டு. இரட்டைப் பிள்ளைகள் மீது நடந்த ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நெதர்லாந்தைப் பாருங்கள். ராணுவத்துக்கு வந்த இளைஞர்களுக்கு ரேவன் வகைச் சோதனை வைத்தார்கள். 1952க்கும் 1982க்கும் இடையில் அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) ஏறத்தாழ 20 புள்ளி உயர்ந்துவிட்டது. ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் இதை உலகுக்கு எடுத்துக் காட்டினார். முப்பது ஆண்டில் ஒரு நாட்டின் ரத்தம் மாறிவிடுமா? மாறியது வாழ்க்கை. பள்ளி மாறியது, உணவு மாறியது, படங்களும் குறியீடுகளும் வீட்டுக்குள் வந்தன. எது எவ்வளவு காரணம் என்று இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. உயர முடியும் என்பதில் வாதமில்லை.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். சிகாகோவில் சூசன் லெவைன் குழுவினர் 53 குழந்தைகளின் வீட்டுக்கு, இரண்டு வயது கடந்ததிலிருந்து நான்கு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்தார்கள். படத்துண்டுப் புதிரோடு விளையாடிய குழந்தைகள், நாலரை வயதில் உருவங்களை மனத்தில் திருப்பிச் சேர்க்கிற வேலையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். புதிர்தான் திறனைக் கொடுத்ததா, திறன் உள்ள பிள்ளை புதிரைத் தேடிப் போனதா என்பதை அந்த ஆய்வு மட்டும் முடிவு செய்துவிடாது. ஆனால் பயிற்சி கொடுத்துப் பார்த்த 217 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2013இல் ஆராய்ந்தபோது, இடத்தையும் உருவத்தையும் மனத்தில் கையாளும் இடவுணர்வு பயிற்சியால் வளர்கிறது என்பது உறுதியாயிற்று.

அதோடு நம் பேச்சையும் கவனியுங்கள். "அதை எடுத்து அங்க வை." வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படிச் சொல்கிறோம்! அது எது? அங்கே என்றால் எங்கே? தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? ஓரம், மூலை, விளிம்பு, முனை, நடு, குறுக்கே, ஊடே, சாய்வு, தலைகீழ், எதிரெதிர். "வளைஞ்ச பக்கத்தை ஓரத்துக்குத் திருப்பு, ராசா. நேர் பக்கம் கீழே வரட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் குழந்தையின் கண்ணுக்கு ஒரு கைப்பிடி.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பார்த்துச் செய்கிற வேலையில் பிள்ளை தடுமாறினால், எந்தப் பெயரையும் ஒட்டுவதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். கரும்பலகையே தெரியாமல் ஓராண்டு முழுக்க "கவனமில்லாதவன்" என்று திட்டு வாங்கிய பையனைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்ட அன்று அவன் மரத்தைப் பார்த்து, "இலை தனித்தனியா இருக்கு!" என்றான்.

இந்த அரங்கின் பின்பக்கம் ஒரு நீள மேசை போட்டிருக்கிறோம். மரக்கட்டைகள் இருக்கின்றன, கம்பி இருக்கிறது, களிமண் இருக்கிறது, அந்த யானைப் படத்தின் 24 துண்டுகளும் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்து வந்தவர்கள் தயவுசெய்து உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளை எதை எடுக்கிறது என்று பாருங்கள். கால் மணி நேரம் பக்கத்தில் அமருங்கள். கை நீட்டாதீர்கள், விடை சொல்லாதீர்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். துண்டைத் திருப்புகிறதா, தடவுகிறதா, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு என்னிடம் வந்து சொல்லுங்கள். மேசை எட்டு மணி வரை இருக்கும். நானும் அங்கேதான் இருப்பேன்.